நான்கு தேசங்களும் ஒரு கடலும்

மூனிக் நகரில் ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் வீதிதோறும் ஒரு காட்சியைக் காணலாம். மோட்டார் வண்டிகளின் கூரைமேல் சைக்கிள்கள் ஏறுகின்றன. வண்டியின் பின்புறத்தில் மடக்கு நாற்காலி, காற்றடைக்கும் படகு, ரொட்டிக் கூடை, குழந்தைகளின் பொம்மைகள் எல்லாம் திணிக்கப்படுகின்றன. பவேரியா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. ஜெர்மனியின் சொந்தக் கடல்களோ வடக்கே வெகு தூரத்தில், கோடையிலும் உடம்பு நடுங்கும்படி குளிர்ந்து கிடக்கின்றன. ஆகவே அந்த மாகாணத்து ஜனங்கள் வடக்கே முகம் திருப்புவதில்லை. தெற்கே ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, அட்ரியாடிக் கடலின் இளஞ்சூடான நீலத் தண்ணீரைத் தேடிப் புறப்பட்டு விடுகிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது அந்த ஊரில் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களைப் பார்த்து வரப் போகும் தாய் தந்தையரிடம், “துப்ரோவ்னிக் வரையில் வண்டியிலேயே போய் வரலாமா?” என்று பிள்ளையோ மருமகளோ கேட்காமல் இருப்பது அபூர்வம். மூனிக்கிலிருந்து துப்ரோவ்னிக் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ரஸ்தாவோ கண்ணாடி போல் இருக்கிறது. “இதற்கு என்ன பிரமாதமான யோசனை வேண்டியிருக்கிறது? விடியற்காலையில் கிளம்பினால் இராத்திரி போய்ச் சேரலாமே” என்று இளைஞர்கள் சொல்வார்கள். சேரலாந்தான். ஆனால் இந்தப் பிரயாணத்தில் தூரம் ஒரு பொருட்டே அல்ல. பூகோளப் படத்தில் இந்த வழியின் குறுக்கே விழுந்து கிடக்கும் கோடுகள்தான் விஷயம். அவற்றுள் சில அழிந்துவிட்டன என்று பெயர், அழியவில்லை. ஒரு கோடு 1699-ஆம் வருஷத்தில் போடப்பட்டது. அது இன்றைக்கும் ஒரு குடும்பத்தின் பிரயாணத்தை நட்டாற்றில் நிறுத்தக் கூடிய வல்லமை உள்ளது. அந்தக் கோட்டைப் பற்றி உரிய இடத்தில் சொல்லுகிறோம்.

முதலில் தேசங்களின் வரிசை. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோவேஷியா ஆகிய நான்கும் ஐரோப்பிய ஐக்கியத்தைச் சேர்ந்தவை. நான்கிலும் யூரோ நாணயமே செலாவணி. முன்னாளில் இதே வழியில் போனவர்கள் மார்க், ஷில்லிங், தோலார், கூனா என்று நான்கு வகைப் பணத்தை நான்கு உறைகளில் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஸ்லோவேனியா 2007-லும், கடைசியாகக் குரோவேஷியா 2023 ஜனவரி முதல் தேதியிலும் யூரோவை ஏற்றன. அதே 2023 ஜனவரி முதல் தேதியன்று குரோவேஷியா ‘ஷெங்கன்’ வட்டத்திலும் சேர்ந்தது. அதாவது, இந்த நான்கு தேசங்களுக்கிடையில் பாஸ்போர்ட் சோதனை இல்லையென்பது ஏற்பாடு.

ஏற்பாடு அப்படி. நடைமுறை வேறு. ஜெர்மனி 2015 செப்டம்பரிலேயே ஆஸ்திரிய எல்லையில் மறுபடியும் சோதனையை வைத்துவிட்டது. 2023 அக்டோபரில் ஸ்லோவேனியாவும் குரோவேஷிய எல்லையில் போலீஸாரை நிறுத்தியது. குரோவேஷியா வட்டத்துக்குள் வந்து முழுசாகப் பத்து மாதம் ஆகவில்லை. திறந்த கதவு அரைவாசி மூடிக்கொண்டது. ‘தற்காலிகம்’ என்று சொல்லித்தான் இவையெல்லாம் ஏற்பட்டன. பிறகு தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கின்றன. சர்க்கார்களின் அகராதியில் ‘தற்காலிகம்’ என்ற பதத்துக்கு உள்ள அர்த்தத்தை நம் நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பாஸ்போர்ட்டும், ஜெர்மனியில் குடியிருப்போர் தங்கள் குடியிருப்புச் சீட்டும், பெட்டியின் அடியில் அல்ல, கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து போகும் பெரியவர்களுக்கு விஸா விஷயம் இன்னும் முக்கியம். எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்கப் போகிறோமோ அந்தத் தேசத்தின் தூதரகத்தினிடமே விஸா கேட்க வேண்டும் என்பது விதி. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இவ்விரண்டும் பலருக்குத் தெரியும். தெரியாதது மூன்றாவது விஷயம்: விஸா ‘ஒரு முறை நுழைவதற்கு’ மட்டும் கொடுக்கப்பட்டதா, ‘பல முறை நுழைவதற்கு’க் கொடுக்கப்பட்டதா என்பது. “நாம் உள்ளே போய் உள்ளேயே சுற்றிவிட்டு ஒரே முறை வெளியே வரப் போகிறோம். ஒரு முறை போதாதா?” என்று எண்ணுவது இயற்கை. படத்தை விரித்து, குரோவேஷியாவின் தென் கடற்கரையைக் கூர்ந்து பார்க்கிற வரையில் அந்த எண்ணம் சரிதான்.

இனி வண்டியைக் கிளப்பலாம். ஆனால் எந்தக் கிழமையில்? சனிக்கிழமையில் மட்டும் வேண்டாம் என்பது நம் திடமான அபிப்பிராயம். அட்ரியாடிக் கரையில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கே விடப்படுகின்றன. ஆகையால் அன்றைக்குப் பாதி ஐரோப்பா தெற்கே போகிறது. மற்றப் பாதி வடக்கே வருகிறது. ஜெர்மனியில் மாகாணங்கள் ஒரே சமயத்தில் பள்ளிக்கூட விடுமுறை விடாமல் முறை வைத்துக்கொண்டு விடுகின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்து, ஏதோ ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையில் புறப்படுகிறவர்கள் பாக்கியசாலிகள். நாள் நட்சத்திரம் பார்க்கும் வழக்கமுள்ள நமக்கு இது ஒன்றும் புதிதல்லவே!

ஜெர்மனியில் கார்களுக்கு மோட்டார் ரஸ்தாச் சுங்கம் இல்லை. ஸால்ஸ்பர்க் நகரை நெருங்கி ஆஸ்திரியாவில் கால் வைத்ததும் சீட்டு வேண்டும். ஒரு நாள் சீட்டு, பத்து நாள் சீட்டு, இரண்டு மாதச் சீட்டு, வருஷச் சீட்டு என்று உண்டு. போகும்போது ஒரு நாளும், வரும்போது ஒரு நாளுமே ஆஸ்திரியாவில் செல்கிறவர்கள், இடையில் பத்து நாளுக்கு மேல் கடற்கரையில் தங்குவதாயிருந்தால், இரண்டு ஒரு நாள் சீட்டுகளை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஸ்லோவேனியாவில் அதுவும் நடக்காது. கார்களுக்கு மிகக் குறைந்தது ஏழு நாள் சீட்டு. சீட்டு இல்லாமல் அகப்பட்டுக்கொண்டால் 300 யூரோவுக்குக் குறையாத அபராதம். ‘அரை மணி நேரந்தானே இந்தத் தேசத்தில் ஓடினோம்’ என்ற வாதம் அங்கே எடுபடுவதில்லை.

ஸால்ஸ்பர்க்குக்குத் தெற்கே வழி மலைக்குள் நுழைகிறது. டௌவர்ன் மலைத் தொடரை ரோமாபுரிப் படைகள் கணவாய் வழியாக ஏறிக் கடந்தன. அவர்கள் நட்ட மைல் கற்கள் அந்தப் பழைய ரஸ்தாவின் ஓரத்தில் காணப்படுகின்றன. இப்போதோ மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கு அதிகமான சுரங்கப் பாதை. அதைத் தாண்டினால் காட்ஷ்பெர்க் மலையின் கீழ் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தனிச் சுங்கம் உண்டு. டௌவர்ன் சுரங்கத்தில் 1999 மே மாதத்தில் நேர்ந்த பெரும் தீ விபத்தில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அப்போது அது போவதற்கும் வருவதற்கும் ஒரே குகையாயிருந்தது. பிறகே இரண்டாவது குகை வெட்டப்பட்டது. சுரங்கத்துக்குள் முன் வண்டிக்கும் நம் வண்டிக்கும் இடையே தாராளமாக இடம் விடுவதைப் பற்றி அங்குள்ளோர் கண்டிப்பாக இருப்பதன் காரணம் இதுதான்.

வில்லாக் நகரைக் கடந்ததும் காரவாங்கன் மலை சுவர் போல் எழுந்து நிற்கிறது. இதன் கீழே 7,864 மீட்டர் நீளச் சுரங்கம். 1991 ஜூன் முதல் தேதி திறப்பு விழா நடந்தது. அன்றைக்கு அது ஆஸ்திரியாவையும் யுகோஸ்லாவியாவையும் இணைத்தது. அதே ஜூன் 25-ஆம் தேதி ஸ்லோவேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. எல்லைச் சாவடிகளை யார் வைத்துக்கொள்வது என்பதே பத்து நாள் யுத்தத்துக்குக் காரணமாயிற்று. இணைத்த தேசங்களில் ஒன்று, திறப்பு விழாத் தோரணம் வாடுமுன்னே இல்லாமற் போன கதையை வேறெந்தச் சுரங்கத்தைப் பற்றியும் சொல்ல முடியுமா?

சுங்கத்தையும் கூட்டத்தையும் தவிர்க்க விரும்புவோர் கிழக்கே சற்று விலகி, கிளாகன்ஃபுர்ட் நகரிலிருந்து லோய்பல் கணவாய் வழியாகப் போவதுண்டு. அங்கேயும் மலையுச்சிக்கருகில் ஒரு சிறு சுரங்கம் இருக்கிறது. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். அதைக் குடைந்தவர்கள் கைதிகள். 1943 முதல் 1945 வரையில் நாஜிகள் மௌட்ஹௌஸன் சிறை முகாமிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து அடித்து வேலை வாங்கினார்கள். அவர்களில் பிரெஞ்சுத் தேச பக்தர்கள் மிகுதி. தம் நாட்டின் விடுதலைக்காகச் சிறைப்பட்டவர்கள், அந்நிய நாட்டு மலையில், பனியில், பட்டினியில் கல்லுடைத்து வெட்டிய வழி அது. ஸ்லோவேனியப் பக்கத்தில் முகாம் இருந்த இடமும் நினைவுச் சின்னமும் இருக்கின்றன. அவ்வழியே போகிற வண்டிகளில் பெரும்பாலானவை அங்கு நிற்பதில்லை. நம்மவர்கள் நிற்க வேண்டும்; ஐந்து நிமிஷம் போதும்.

முதல் நாள் இரவை லியூப்லியானாவிலோ, பிளெட் ஏரிக் கரையிலோ கழிப்பது நல்லது. மூனிக்கிலிருந்து 400 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். லியூப்லியானா சிறிய, அழகிய தலைநகரம். யோஷே பிளெச்னிக் என்ற சிற்ப சாஸ்திரி, பழைய பாலம் ஒன்றின் இருபுறமும் இரண்டு நடைபாலங்களைச் சேர்த்து மூன்று பாலமாக்கிய விநோதத்தை அங்கே காணலாம். மறுநாள் வழியில் போஸ்டோய்னா குகை. உள்ளே போக 1872 முதல் சிறு ரயில் ஓடுகிறது. வெளியே எத்தனை வெயிலடித்தாலும் குகைக்குள் பத்து டிகிரிக் குளிர்தான். பாட்டிக்கும் பேரனுக்கும் கம்பளி வேண்டும்.

போஸ்டோய்னாவுக்குப் பின் மோட்டார் ரஸ்தா நின்றுவிடுகிறது. கிராமங்களின் நடுவே இருவழிச் சாலையில் ஊர்ந்துதான் குரோவேஷிய எல்லையை அடைய வேண்டும். அப்பால் மலைச் சரிவில் இறங்கும்போது திடீரென்று கடல் தெரிகிறது. அதன் கரையில் உள்ள ஊர் ரியேக்கா.

ரியேக்காவைக் கப்பல் துறை என்று எண்ணி விரைந்து கடந்து விடுகிறார்கள். நம் அபிப்பிராயத்தில் இந்த வழி முழுவதிலும் மிகவும் யோசனைக்குரிய ஊர் இதுவே. 1914-ல் இது ஹங்கேரி ராஜ்யத்தின் துறைமுகம்; இத்தாலியர்கள் இதை ஃபியூமே என்றார்கள். 1919-ல் தனுன்ஸியோ என்ற இத்தாலியக் கவி ஆயுதம் தரித்த ஆட்களுடன் வந்து ஊரைப் பிடித்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் தர்பார் நடத்தினான். கவிகள் அரசாள வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஓராண்டு போதிய சாட்சியம். பிறகு அது சுதந்திர நகர ராஜ்யம் ஆயிற்று. 1924-ல் இத்தாலிக்குப் போயிற்று. அந்நாளில் ஊரின் நடுவே ஓடும் சிற்றாறே இரு தேசங்களின் எல்லை. இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின் யுகோஸ்லாவியா. 1991-க்குப் பின் குரோவேஷியா. அவ்வூரில் 1910-ல் பிறந்து எண்பத்தைந்து வயது வாழ்ந்த ஒரு மூதாட்டி, வீட்டு வாசலைத் தாண்டாமலே இத்தனை கொடிகளின் கீழ் குடித்தனம் செய்திருப்பாள்! ‘எல்லை’ என்பதை நாம் கடக்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறோம். பல சமயங்களில் எல்லைதான் ஜனங்களைக் கடந்து போகிறது.

ரியேக்காவிலிருந்து தெற்கே போக இரண்டு வழி. மலைக்கு அப்பால் மோட்டார் ரஸ்தா ஒன்று. கடலை ஒட்டி 1960-களில் யுகோஸ்லாவிய சர்க்கார் போட்டு முடித்த பழைய சாலை ஒன்று. போகும்போது கடற்சாலை, திரும்பும்போது மோட்டார் ரஸ்தா என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்போம். காரணம் சாமான்யமானது. ஐரோப்பாவில் வண்டிகள் வலப்புறம் ஓடுகின்றன. தெற்கே போகும்போது கடலும் வலப்புறமே இருக்கிறது. நினைத்த இடத்தில், எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போகாமல், ஒதுங்கி நின்று கடலைப் பார்க்கலாம். பள்ளத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்கள் இதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளட்டும். நம் நாட்டில் இடப்புறம் ஓட்டிப் பழகியவர்கள், ஊருக்கு வந்த மறுநாளே இந்த வளைவுகளில் கை வைக்க வேண்டாம். ஓட்டுவது யாராயினும் நம் நாட்டு உரிமச் சீட்டோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கரையில் பயப்பட வேண்டியது பூரா என்னும் காற்று. வெலெபிட் மலையின் மேலிருந்து வடகிழக்குக் குளிர்காற்று கடலை நோக்கி விழுந்தடித்துக்கொண்டு இறங்கும். அது ஸென் என்னும் ஊரில் பிறந்து, ரியேக்காவில் கல்யாணம் செய்துகொண்டு, டிரியெஸ்டில் சாகிறது என்பது அவ்வூர்ப் பழமொழி. குளிர்காலத்திலேதான் அதற்கு உக்கிரம். ஆனாலும் கோடையில் வரமாட்டேன் என்று அது யாருக்கும் வாக்களித்ததில்லை. பலமாக வீசினால் முதலில் உயரமான வண்டிகளுக்கும், பிறகு எல்லா வண்டிகளுக்கும் சாலையை மூடுவார்கள். மூடினால் மூடியதுதான். ஆகையால் பிரயாணத் திட்டத்தில் ஒரு நாளை வெறுமனே விட்டு வைப்பது விவேகம். கூரைமேல் சாமான் கட்டுவோர் இரட்டை முடிச்சாகக் கட்டட்டும்.

ஸாதாரும் ஸ்ப்ளிட்டும் வழியில் தங்கத் தக்கவை. ஸ்ப்ளிட் நகரில் டயோக்ளிஷன் என்ற ரோமாபுரிச் சக்கரவர்த்தி சிம்மாசனத்தைத் துறந்து வந்து வாழ்ந்த மாளிகையின் மதில்களுக்குள்ளே இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், காபி குடிக்கிறார்கள்.

இப்போது அந்த 1699-ஆம் வருஷத்துக் கோட்டுக்கு வருவோம். ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் போகிற கரை முழுவதும் குரோவேஷியாவுக்கே சொந்தம், நடுவில் ஒரு சிறு துண்டைத் தவிர. அந்தத் துண்டு நேயூம். அது போஸ்னியா தேசத்துக்குச் சொந்தம். 20 கிலோமீட்டர் அளவுள்ள அந்தக் கரையைத் தவிரப் போஸ்னியாவுக்கு வேறு கடலே கிடையாது.

இது எப்படி நேர்ந்தது? துப்ரோவ்னிக் முன்னாளில் ரகூஸா என்ற பெயருடன் தனிக் குடியரசாயிருந்தது. துருக்கிச் சுல்தானுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு, வியாபாரத்தால் செழித்து, தன் சுதந்திரத்தைக் காத்துவந்தது. அதன் பெரிய பயம் துருக்கியர் அல்ல. சக வியாபாரியான வெனிஸ்தான். 1699-ல் கார்லோவிட்ஸ் சமாதான உடன்படிக்கை நடந்தபோது, வெனிஸின் நிலம் தன் நிலத்தைத் தொடாதிருக்கும் பொருட்டு, ரகூஸா தன் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு துண்டு நிலத்தைத் துருக்கியர் கைக்கு விட்டது. புலியை வேலியாக வைத்து நரியைத் தடுத்தது போன்ற தந்திரம். வடபுறத்துத் துண்டுதான் நேயூம். வெனிஸ் குடியரசு போயிற்று, ரகூஸா போயிற்று, துருக்கி ஸாம்ராஜ்யமும் போயிற்று. வேலி மட்டும் நிற்கிறது.

யுகோஸ்லாவியா ஒரே தேசமாயிருந்த வரையில் அதை யாரும் கவனிக்கவில்லை. 1991-க்குப் பின் அது சர்வதேச எல்லை ஆயிற்று. கரையோரமாகத் துப்ரோவ்னிக் போகிறவர்கள் குரோவேஷியாவை விட்டு வெளியே போய், சிறிது தூரத்திலேயே திரும்பவும் குரோவேஷியாவில் நுழைய வேண்டும். போஸ்னியா ஐரோப்பிய ஐக்கியத்திலும் இல்லை, ஷெங்கனிலும் இல்லை. ‘ஒரு முறை’ விஸாவுடன் வந்த தாயாரும் தகப்பனாரும் நேயூமில் காலை வைத்தால், சட்டப்படி அவர்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர்கள். மறுபடி நுழைய அவர்களுக்கு உரிமை இல்லை. பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம், பெற்றோர் இந்தப் பக்கம் என்று நிற்க நேரிட்டால் என்ன செய்வது?

இந்தச் சங்கடத்துக்கு 2022 ஜூலை 26-ஆம் தேதி ஒரு பரிகாரம் பிறந்தது. நேயூமைத் தொடாமல், கடலின் மேலாகப் பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்துக்கு 2,404 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஐக்கியம் 357 மில்லியன் யூரோ கொடுத்தது. கட்டியது சீன தேசத்துக் கம்பெனி. போஸ்னியாவின் ஒரே துறைக்குக் கப்பல் போகும் வழி அடைபட்டுவிடும் என்று அங்கே ஆட்சேபம் எழுந்தபடியால், நீருக்கு மேல் 55 மீட்டர் உயரம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். குரோவேஷியர்களுக்கு இந்தப் பாலம் துண்டான தேகத்தை ஒட்டிய ஆனந்தம். போஸ்னியர்களின் மனத்தாங்கலும் நியாயமற்றதல்ல. இருக்கும் ஒரே ஜன்னலுக்கு எதிரே பெரியதொரு கம்பியை நீட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? இவ்விஷயத்தில் நாம் தீர்ப்புக் கூற முன்வரவில்லை.

பிரயாணிகள் செய்ய வேண்டியது இரண்டு. விஸா கேட்கும்போதே ‘பல முறை’ என்று கேட்பது ஒன்று. கையில் உள்ள வழிகாட்டும் யந்திரம் நேயூம் வழியாகக் கூட்டிப் போகப் பார்த்தால், அதன் பேச்சைக் கேளாமல் பாலத்துக்குத் திருப்புவது மற்றொன்று. வாடகை வண்டி எடுத்தவர்களுக்கு இன்னொரு வார்த்தை: வண்டியை எந்தெந்தத் தேசத்துக்குக் கொண்டுபோகலாம் என்று வண்டிக்காரக் கம்பெனியிடம் எழுத்து மூலமாக வாங்கிக்கொள்ள வேண்டும். போஸ்னியாவுக்கு இடங்கொடாத ஒப்பந்தங்கள் உண்டு. அனுமதியில்லாத இடத்தில் வண்டிக்கு ஏதாவது நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும்.

பாலத்தைத் தாண்டிப் போகிற வழியில் ஸ்டோன் என்னும் சிற்றூர். அங்கே மலைமேல் ஏறி இறங்கும் ஐந்தரைக் கிலோமீட்டர் நீள மதிலைக் கண்டு, எந்தப் பொக்கிஷத்தைக் காக்க இவ்வளவு பெரிய கோட்டை என்று பிரயாணிகள் கேட்பார்கள். பொக்கிஷம் கீழே கடலோரத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. உப்பு! அந்த உப்பளங்களின் வருமானம் ரகூஸாவுக்கு உயிர்நாடியாயிருந்தது. உப்புக்காக ஒரு ராஜ்யம் மதில் எடுத்தது ஏன் என்று நம் நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

துப்ரோவ்னிக் மதிலுக்குள் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. வெளியே எங்கேயாவது நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கோடையில் அந்த இடத்துக்குப் பிடிக்கும் வாடகை அதிகம். ஊருக்கு வெளியே தங்கி பஸ்ஸில் வருவது மேல். இந்தச் சின்னக் குடியரசு 1416-லேயே அடிமை வியாபாரத்தைத் தடுத்துச் சட்டம் செய்தது. அதன் தலைவருக்குப் பதவிக் காலம் ஒரே மாதம். அந்த மாதத்திலும் ராஜாங்கக் காரியமாக அன்றி மாளிகையை விட்டு வெளிவரக் கூடாது. பதவியில் ஒட்டிக்கொள்ளும் வியாதிக்கு அவர்கள் கண்ட மருந்து அது. நெப்போலியனுடைய சேனை 1806-ல் உள்ளே புகுந்தது. 1808-ல் குடியரசு முடிந்தது. மதில்மேல் நடந்து கீழே பார்த்தால், கூரை ஓடுகளில் பழுப்பேறிய பழையவை சிலவும் பளிச்சென்ற புதியவை மிகப் பலவும் தெரியும். 1991 டிசம்பர் 6-ஆம் தேதி குண்டு மழை பொழிந்த பின் மாற்றியவை அந்தப் புதிய ஓடுகள்.

திரும்பும்போது மோட்டார் ரஸ்தா. ஸாதாரைத் தாண்டி மஸ்லெனிட்ஸா நீரிணையைக் கடக்கிற இடத்தில் முன்பிருந்த பாலத்தை 1991 நவம்பரில் தகர்த்தார்கள். மோட்டார் ரஸ்தாவின் பாலம் 1997-ல் எழுந்தது. பழைய பாலம் 2005-ல்தான் திரும்பக் கட்டப்பட்டது. அதன் பிறகு வெலெபிட் மலையின் கீழ் ஸ்வேட்டி ரோக் சுரங்கம். தெற்கு வாயிலில் கடற்கரை வெயிலைச் சுமந்துகொண்டு நுழைகிற வண்டி, ஐந்தாறு கிலோமீட்டர் இருட்டைக் கடந்து வடக்கு வாயிலில் தலை நீட்டும்போது, பல நாட்களில் மேகமும் மழையும் எதிர்கொள்கின்றன. கம்பளிச் சட்டைகளைப் பெட்டியில் மேலாக வைத்துக்கொள்வது நல்லது.